என் கண்ணாடி அலுமாரியும் நான் படித்த பாடமும்

(றிச்மண்ட் ஹில்லில் எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல சமயங்களின் வழிபாட்டுப் பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, அதைப்பற்றி அரை மணித்தியாலம் பேசச் சொல்லிச் செயலாளர் தம்பி கேட்டார். நான் சமய அறிஞனும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. 1987-ல் ஒரு சூட்கேசுடன் கனடாவுக்கு வந்து, தொழிற்சாலையில் இரவு வேலை செய்து இளைப்பாறியவன். வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதுக்குள்ளை இருக்கிறதுகளைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும். அதிலே ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் இருக்கிற இடத்தைப் பாருங்கோ. பேவியூ அவனியூவில் தெற்கே தோர்ண்ஹில் பக்கம் போனால் சாம் ஷான் என்ற சீன பௌத்த கோவில் இருக்கிறது. கொஞ்சம் வடக்கே ஜாஃபரி இஸ்லாமிய நிலையம். அதற்குப் பக்கத்து வளவு ஹார் சையன் என்ற யூதக் கோவில். பள்ளிவாசலுக்கும் யூதக் கோவிலுக்கும் கார் விடுகிற இடம் கூடப் பங்குதான். அதே தெருவில் இன்னும் வடக்கே வந்தால் எங்கடை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவில். ஒரே தெருவில் நாலு விதமாகக் கும்பிடுகிறார்கள். அவர்கள் வீடு மாறும்போதும், வயதானவர்கள் காலமாகும்போதும், வீட்டுச் சாமான்கள் கராஜ் சேலுக்கு வரும். பிள்ளைகளுக்கு அது என்னவென்று தெரியாது. ஒரு டொலர், ஐம்பது சதம் என்று விலை ஒட்டி வெளியே வைத்துவிடுவார்கள். என் சேகரிப்பு அப்படித்தான் வளர்ந்தது.

அலுமாரியின் மேல்தட்டில் இருப்பது அம்மா தந்துவிட்ட திருநீற்றுக் குட்டான். பனையோலையில் இழைத்தது. நான் வெளிக்கிட்ட அன்று சூட்கேசில் இடமில்லை, சேட்டுப் பையுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். திருநீறு எப்போதோ முடிந்துவிட்டது. ஓலையில் அந்த மணம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அந்தோனியார் சுரூபம். நான் முதல் இருந்த பேஸ்மென்டின் வீட்டுக்காரி இத்தாலிய அம்மா தந்தது. தொலைந்ததைத் தேடித் தருவார் என்று சொன்னா. "எனக்குத் தெரியும் அம்மா, கொழும்பிலே கொச்சிக்கடைக்கு நாங்களும் போறனாங்கள்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவவுக்கு நம்பவே முடியவில்லை. 2019-ல் உயிர்த்த ஞாயிறு அன்று அந்தக் கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அந்தச் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். நான் சைவன்தான். ஆனால் அன்று கைகூப்ப எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

இரண்டாம் தட்டில் ஒரு பீங்கான் குவான் யின். பக்கத்து வீட்டுச் சீன அம்மா வன்கூவருக்கு மகளிடம் போகும்போது தந்தது. சிலை செய்து முடிந்ததும் கண் திறக்கிற சடங்கு ஒன்று உண்டு, அது நடக்கும்வரை அது வெறும் பீங்கான்தான் என்று விளங்கப்படுத்தினா. எங்கடை கோவில்களில் கும்பாபிஷேகத்துக்கு முன் சிற்பாசாரியார் கண் திறக்கிறாரே, அதேதான். சிங்கள பௌத்தர்களும் புத்தர் சிலைக்குக் கடைசியில்தான் கண் வைப்பார்கள். 1877-ல் கொழும்பில் பிறந்த எங்கள் ஆனந்த குமாரசுவாமி, சிங்களக் கலை பற்றி 1908-ல் வெளியிட்ட பெரிய நூலில் அந்தச் சடங்கை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

குமாரசுவாமியும் சேர்த்தவர்தான். படங்கள், வெண்கலங்கள் என்று பெரிய சேகரிப்பு. பனாரஸில் ஒரு நூதனசாலை அமைத்தால் தன் சேகரிப்பைக் கொடுக்கலாம் என்று நினைத்தார். அது கைகூடவில்லை. 1917-ல் அவருடைய சேகரிப்பு அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலைக்குப் போனது. அவரும் அதோடு போய், 1947-ல் காலமாகும்வரை அங்கேயே பணிசெய்தார். இதே எண்ணம் வேறு ஆட்களுக்கும் வந்திருக்கிறது. ஜேர்மனியில் ருடோல்ப் ஓட்டோ என்ற பேராசிரியர் 1927-ல் மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் உலக சமயங்களின் பொருட்களுக்கென்றே ஒரு சேகரிப்பைத் தொடங்கினார். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1993-ல் சென் முங்கோ என்ற சமய நூதனசாலையைத் திறந்தார்கள். அங்கே எங்கடை நடராசரும் நிற்கிறார். அடுத்தவன் என்னத்தைக் கும்பிடுகிறான் என்று பார்த்து அறிய நினைப்பது நல்ல எண்ணம்தான். அதில் பிழையில்லை.

பிழை எங்கே வருகிறது? எனக்கு முதல் பாடம் ஒரு கராஜ் சேலில் கிடைத்தது. விரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் குழாய். அழகான வேலைப்பாடு. ஐம்பது சதம் கொடுத்து வாங்கி அலுமாரியில் வைத்தேன். ஒருநாள் என்னோடு வேலை செய்த யூத நண்பர் தேத்தண்ணி குடிக்க வந்தவர் அதைக் கண்டு எழும்பி நின்றுவிட்டார். அது வாசல் நிலையில் பதிக்கும் மெஸுஸா. குழாயில் ஒன்றுமில்லை. உள்ளே இருக்கிற தோல்சுருளில் கையால் எழுதிய வேதவாசகம்தான் புனிதம். பழுதானால் அதை எறியமாட்டார்கள், சேர்த்து வைத்து மண்ணில் அடக்கம் செய்வார்கள் என்றார். நான் அதை அவரிடமே கொடுத்துவிட்டேன். முஸ்லிம்களும் பழுதான குர்ஆனைக் குப்பையில் போடமாட்டார்கள், மரியாதையாகப் புதைப்பார்கள். கத்தோலிக்கர்கள் மந்திரித்த பொருளை எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். எங்கள் ஆகமத்திலும் பின்னமான மூர்த்தியின் சக்தியைக் கும்பநீருக்கு மாற்றிய பிறகுதான் கல்லில் கை வைப்பார்கள். மொழி வேறாக இருந்தாலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். கும்பிட்ட பொருள் பிறகு ஒருநாளும் வெறும் பொருளாகாது.

அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். யார் தந்தது, எந்த வருடம், அவர்களுக்கு எப்படி வந்தது. மூன்றாவது கேள்விக்குத்தான் அதிகம் பதில் இராது. ஆனால் அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் என்று இரண்டு கதைகளில் சொல்கிறேன். இரண்டிலும் கனடா சம்பந்தப்பட்டிருக்கிறது.

தஞ்சைப் பக்கம் பத்தூர் என்ற கிராமத்தில் 1976-ல் ஒரு கூலித்தொழிலாளி மண் வெட்டும்போது சோழர்காலத்து வெண்கலங்கள் வெளிப்பட்டன. அதில் ஒரு நடராசர். அது கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய், 1982-ல் எங்கள் அல்பேர்ட்டா மாகாணத்து பம்பர் என்ற கம்பனிக்கு இரண்டரை இலட்சம் பவுணுக்கு விலைப்பட்டது. துப்புரவாக்கக் கொடுத்த இடத்தில் லண்டன் பொலிஸ் அதைப் பிடித்தது. கம்பனி வழக்குப் போட்டது. எதிர்ப்பக்கத்தில் நின்றது யார் தெரியுமோ? இடிந்துபோன அந்தச் சிவன் கோவிலே கோட்டுக்கு வந்து, "அது என்னுடையது" என்று கேட்டது. 1988-ல் தீர்ப்புக் கோவில் பக்கம். 1991-ல் மேன்முறையீட்டிலும் அதுவே உறுதியாகி, நடராசர் ஊர் திரும்பினார். கவனியுங்கோ, அந்தக் கம்பனி களவெடுக்கவில்லை. நல்லெண்ணத்தில், முழுக்காசு கொடுத்துத்தான் வாங்கியது. ஆனாலும் சாமி அவர்களுடையதில்லை.

மற்றது றெஜைனா நகரத்துக் கதை. மக்கென்சி என்ற சட்டத்தரணி 1913-ல் காசிக்குப் போனபோது ஆற்றங்கரைச் சிறுகோவில் ஒன்றிலிருந்து களவாக எடுத்துக் கொடுக்கப்பட்ட ஒரு சிறு சிலையைக் கொண்டுவந்தார். அது அவருடைய சேகரிப்போடு றெஜைனாவில் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. விஷ்ணு என்று பேர் எழுதி வைத்திருந்தார்கள். 2019-ல் வினிப்பெக்கைச் சேர்ந்த திவ்யா மெஹ்ரா என்ற ஓவியர் அதை உற்றுப் பார்த்து, இது விஷ்ணு இல்லை, பெண் தெய்வம் என்று கேள்வி எழுப்பினார். ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், மறு கையில் கரண்டி. அன்னபூரணி! 2021 நவம்பரில் அவ காசியில் மீண்டும் பிரதிட்டை செய்யப்பட்டா. உலகத்துக்கே சோறு போடுகிறவ, தன் பேர் கூடத் தெரியாமல் நூறு வருடம் அகதியாக இருந்திருக்கிறா.

இந்த நாட்டுப் பூர்வகுடி மக்களின் கதையையும் நாங்கள் தெரிந்திருக்கவேணும். மேற்குக் கரையில் பொட்லாச் என்று ஒரு பெரிய சடங்கு. உள்ளதை எல்லோருக்கும் கொடுத்து மகிழ்கிற சடங்கு. 1885-லிருந்து 1951 வரை கனடிய அரசு அதைச் சட்டப்படி தடைசெய்தது. 1921-ல் நடந்த ஒரு பொட்லாச்சுக்காகப் பலரைப் பிடித்து, சிறை செல்லாதிருக்க வேண்டுமானால் சடங்குப் பொருட்களை ஒப்படைக்கவேண்டும் என்றார்கள். அந்த முகமூடிகளில் ஒரு பகுதி எங்கள் ரொறன்ரோ நூதனசாலைக்கும் வந்தது. 1988-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அலேர்ட் பேயில் 1980-ல் அவற்றுக்காகத் திறந்த நிலையத்தின் பேர் உமிஸ்தா. பகைவர் பிடித்துக்கொண்டு போனவர்கள் வீடு திரும்பி வந்தால் அவர்கள் பாஷையில் அதைச் சொல்கிற சொல் அது. எங்கள் பாஷையில் அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

எங்களிடமும் திரும்பி வந்த தெய்வங்கள் உண்டு. திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தபோது மண்ணுக்குள் ஒளித்த மூர்த்திகள், 1950-ல் கிணறு வெட்டும்போது வெளிவந்தன. 1963-ல் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. மடு மாதாவை 2008 ஏப்ரலில் சண்டைக்குப் பயந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், அதே வருடம் ஆவணித் திருநாளுக்கு முன் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தர் காலத்திலும் அந்த மாதா மாந்தையிலிருந்து காட்டுக்கு ஓடியவதான். இந்தக் கதைகளைச் சொல்லும்போது எங்களுக்குக் கண் கலங்கும். பறிகொடுத்த பக்கத்தில் நாங்கள் நிற்கிற கதைகள் இவை.

இப்போது நான் வெட்கம் என்று சொன்ன பொருளுக்கு வருகிறேன்.

1996-ல் அக்கா கனடாவுக்கு வந்தபோது எனக்கென்று ஒரு மரத்தாங்கி கொண்டுவந்தா. இரண்டு பலகை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது. விரித்தால் புத்தகம் வைக்கலாம், மடித்தால் தட்டை. நல்ல செதுக்கு வேலை. 1991-ல் யாழ்ப்பாணத்தில் விலைக்கு வாங்கினதாகச் சொன்னா. 1995 ஒக்டோபர் 30 இரவு ஊரே வெளிக்கிட்டபோது, அக்கா தேவாரப் புத்தகத்தையும் இதையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தவ. அப்படி வந்த பொருளென்று நான் அதை நடுத்தட்டில் வைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைகளில் தேவாரப் புத்தகத்தை அதில் வைத்துத்தான் படித்தேன்.

2017-ல் எங்கள் தெருவுக்கு ஒரு ஈரானியர் குடிவந்தார். அவரும் தப்பி வந்தவர்தான். கர்பலா மண்ணால் செய்த ஒரு சின்ன வில்லையை எனக்குக் காட்டினார். தொழும்போது நெற்றி படுவதற்கு. எங்களுக்குத் திருநீறு போல என்றேன். சிரித்தார். பிறகு அலுமாரியைப் பார்த்து, "உங்களிடம் ஒரு ரஹ்ல் இருக்கிறதே" என்றார். "அது புத்தகத் தாங்கி" என்றேன். "ஓம், குர்ஆன் வைக்கிற தாங்கி" என்றார்.

கையில் எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். சூட்டுக்கோலால் எழுதிய எழுத்து ஒரு வரி. நான் அதைச் செதுக்கு வேலையின் பகுதி என்றே நினைத்திருந்தேன். அவர் எழுத்துக் கூட்டினார். "எழுத்து எங்கடை மாதிரி, ஆனால் அரபும் இல்லை, பாரசீகமும் இல்லை, சில எழுத்தில் புள்ளி கூட இருக்கு, எனக்குப் பொருள் விளங்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே சத்தமாக வாசித்தார்.

எனக்கு விளங்கியது. அது தமிழ். எங்கள் முஸ்லிம் மக்கள் அரபு எழுத்தில் எழுதி வந்த அரபுத்தமிழ். ஒரு பெண்பிள்ளையின் பேர். அதற்குப் பிறகு, "மகளுக்கு வாப்பா குடுத்தது."

பெரியோர்களே, 1990 ஒக்டோபரில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மொத்தம் 70,000-க்கும் மேல். யாழ்ப்பாணத்தில் அது ஒக்டோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். சில நூறு ரூபாவும் உடுத்த உடுப்பும். சரியாக ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30-ல் நாங்கள் வெளிக்கிட்டோம். அவர்கள் விட்டுப்போன வீடுகளின் சாமான்கள் பிறகு விலைப்பட்டன. கட்டில், கதிரை, கதவு, ஓடு. வாங்கினவர்களும் எங்கடை ஆட்கள்தான். கஷ்ட காலம், மலிவு, வாங்கினார்கள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, நான் களவெடுக்கேல்லை. காசு குடுத்துத்தானே வாங்கினனான்" என்றா. நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "விலை சொன்ன பொடியனிட்டை இது ஆற்றை எண்டு நான் கேட்கேல்லை" என்றா. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியும் எண்டபடியால்தான் கேட்கேல்லை" என்றா. அக்கா நேர்மையான மனுசி. அதைச் சொல்ல அவவுக்கு இருபத்தாறு வருடம் எடுத்தது. எனக்குப் பத்தூர் நடராசரின் கதை முன்னமே தெரியும். மற்றவன் வீட்டுக் கதையாக இருந்தபடியால் நன்றாக விளங்கியிருந்தது. என் அலுமாரிக்கு வரும்போது விளங்கவில்லை.

எங்கள் கிராமத்து ஆசிரியர் ஒருவருக்குப் புத்தளத்தில் பழக்கமான ஆட்கள் இருந்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அங்கேதான் போய் இருந்தார்கள். தாங்கியின் படத்தையும் எழுத்தையும் அனுப்பி விசாரித்தோம். அந்தப் பேரில் பல பெண்கள். ஒருவரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ஒரு தாய் மட்டும் ஆள் மூலம் பதில் சொல்லி அனுப்பினா. "இது எங்கடை இல்லை. ஆனா கேட்டதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும். இத்தனை வருசத்தில எங்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்ல." இந்தப் பதிலை நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் வேறொன்றும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சண்டை முடிந்த பிறகு யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவுக்குக் கொஞ்சக் குடும்பங்கள் திரும்பியிருக்கின்றன. பள்ளிவாசலில் மீண்டும் தொழுகை நடக்கிறது. வருகிற ஆடி மாதம் நான் ஊருக்குப் போகிறேன். அந்தத் தாங்கியைப் பள்ளிவாசலில் ஒப்படைக்கப் போகிறேன். அந்த மகளோ, அவவின் பிள்ளைகளோ எப்போதாவது வந்து பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். அவர்கள் வராவிட்டாலும், எந்தப் புத்தகத்துக்காகச் செய்ததோ அந்தப் புத்தகம் அதில் இருக்கும். அக்காவும் வருகிறா. நான் கூப்பிடவில்லை, அவவே ரிக்கற் எடுக்கச் சொன்னா.

இதை ஒரு வீரச்செயலாக நான் சொல்லவில்லை. ஒரு மரத்துண்டைத் திருப்பிக் கொடுப்பதால் ஒரு ஊர் திரும்பி வராது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் விட்டுவந்த சாமி அறைகளில் இருந்த விளக்குகளும் மூர்த்திகளும் யார் யார் வீட்டு அலுமாரியில், எந்த நாட்டில் இருக்கிறதோ தெரியாது. யாராவது ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்து, "இது ஆற்றை?" என்று கேட்கவேணும் என்று நாங்கள் விரும்புகிறோம் அல்லவா? அந்தக் கேள்வியை நாங்கள் முதலில் கேட்டால் என்ன?

சேர்க்க விரும்புகிற பிள்ளைகளுக்கு மூன்று சொல். பழைய பொருள் என்று விற்க வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கோ, பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதேங்கோ. கிடைத்த பொருளைப் பற்றி அந்தச் சமயத்து ஆளிடம் கேட்டு எழுதி வையுங்கோ, அவர் மரியாதை வைக்கிற மாதிரி வையுங்கோ. உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கோ. உங்கள் அம்மம்மா, அப்பப்பாவின் பொருட்களுக்கும் இப்போதே ஒரு கொப்பி போடுங்கோ. இல்லாவிட்டால் நாளைக்கு அம்மாவின் திருநீற்றுக் குட்டானும் இதே பேவியூவில் ஐம்பது சதத்துக்குப் போகும்.

இன்று புதுவருடம். காலையில் மருத்துநீர் வைத்துத் தோய்ந்து, கைவிசேஷம் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். சின்ன வயதில் கைவிசேஷம் வாங்குவதுதான் எங்களுக்குச் சந்தோஷம். இந்த வயதில் அது கொடுக்கிறவருக்கும் சந்தோஷம் என்று தெரிகிறது. அலுமாரியில் நடுத்தட்டு இந்த வருடம் வெறுமையாக இருக்கும். அதில் வேறொன்றும் வைக்கிற யோசனை எனக்கு இல்லை.

எல்லோருக்கும் என் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.